இந்தப் பெண்ணை யாரும் பார்க்கக் கூடாது

பக்கத்து வீட்டு மதிலில் கேமரா முளைத்திருப்பதைக் குஷன்காரர் பார்த்தபோது அவர் வாய் நிறைய ஆணி. சோபாவுக்கு ரெக்சின் இழுத்து அடிக்கிறவர்கள் குட்டி ஆணிகளை வாயில்தான் அடக்கி வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றாக நாக்கால் தள்ளி எடுத்து அடிப்பார்கள். அதனால் அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நாலைந்து ஆணி வயிற்றுக்குள் போயிருக்கும், ஆஸ்பத்திரியில் படுத்திருப்பார், மற்றதெல்லாம் நடந்திருக்காது என்று அவர் மனைவி இன்றைக்கும் சொல்கிறாள்.

கேமரா வெள்ளையாக, உருண்டையாக, பார்க்க அப்பாவியாகத்தான் இருந்தது. ஆனால் அதன் கண் நேராகக் குஷன்காரர் வீட்டுப் பின்முற்றத்தில் விழுந்தது. அந்த முற்றத்தில் ஒளித்து வைக்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். தகரக் கூரை போட்ட பட்டறை, அடுக்கி வைத்த ஃபோம், நார் மூட்டை, ஒரு குழாய், துணி காயும் கொடி. அப்புறம் தங்கச்சி.

தங்கச்சி விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். போன மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், ஒற்றைச் செருப்போடு அண்ணன் வீட்டுப் பின்வாசலில் வந்து நின்றாள். வலது மணிக்கட்டு வீங்கிக் கிடந்தது. அவள் புருஷன், அதாவது குஷன்காரரின் மாப்பிள்ளை, ஊரெல்லாம் நல்ல பெயர் எடுத்த ஆள். குரலை உயர்த்தியதே கிடையாது. அலமாரிக் கதவில் அவள் கையை வைத்து மூடிவிட்டு, "வலிக்குதா?" என்று மெதுவாகத்தான் கேட்டானாம். "வலிக்குது" என்றதும் இன்னும் கொஞ்சம் அழுத்தினானாம்.

"நான் இங்க இருக்கறது அவருக்குத் தெரியக் கூடாதுண்ணே," என்றாள் தங்கச்சி. "தெரிஞ்சா இந்தத் தடவை கையோட விடமாட்டாரு."

அவ்வளவுதான் அவள் கேட்டது. அண்ணன் சரி என்றார். மாப்பிள்ளை தேடிக்கொண்டு வரத்தான் செய்தான். வந்தபோது தங்கச்சி ஃபோம் அடுக்குக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குஷன்காரருக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது சிவந்துவிடும். நல்லவேளை, வாயில் ஆணி இருந்தது. அண்ணிதான் பதில் சொன்னாள். மாப்பிள்ளை தேநீர் குடித்துவிட்டு, "வந்தா சொல்லுங்க மச்சான், கவலையா இருக்கு," என்று சொல்லி, டம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனான். அந்த டம்ளரில் அப்புறம் யாரும் குடிக்கவில்லை.

அதற்குப் பிறகு தங்கச்சி முன்வாசல் பக்கமே வருவதில்லை. பின்னறையில் சோபா உறை தைப்பாள். முற்றம்தான் அவளுக்குத் தெரு, கடைவீதி, கடற்கரை எல்லாம். இப்போது அங்கேயும் ஒரு கண் வந்து உட்கார்ந்துவிட்டது.

கேமராவை வைத்தவர் பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரர். திருட்டுப் பயமெல்லாம் இல்லை. ஏதோ ஒரு பூனை மதில்மேல் வரிசையாக இருந்த அவருடைய ரோஜாத் தொட்டிகளைக் கழிப்பறையாகப் பாவித்து வந்தது. அது யார் வீட்டுப் பூனை என்று கண்டுபிடித்தாக வேண்டும். தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் முதல் வீடியோவைப் போட்டார்: "இந்தப் பூனைக்குச் சொந்தக்காரர் யார்? மனசாட்சியோடு பதில் சொல்லவும்." பூனையின் பின்னால், ஓரத்தில், கொடியில் துணி உலர்த்தும் ஒரு கை தெரிந்தது. வளையல் இல்லாத கை. குஷன்காரர் மனைவிக்கு இரண்டு கையிலும் வளையல் உண்டு.

குஷன்காரர் வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். அந்த வீடியோவை ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பி, அவர் இன்னொருவருக்கு அனுப்பி, பூனைமேல் அக்கறை கொண்ட யாரோ மாப்பிள்ளைக்கும் அனுப்பிவிட்டால்?

"நேரா போய்க் கேளுங்க," என்றாள் மனைவி. "கேமராவைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்புங்கன்னு சொல்லுங்க. நல்ல மனுஷன்தான், திருப்பிடுவாரு."

"எதுக்குன்னு கேட்டா?"

"துணி காயுதுன்னு சொல்லுங்க."

"துணிதானே காயுது, அதுக்கென்னன்னு கேட்டா?"

மனைவி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள். மதில் தாண்டி நாலு வார்த்தை பேசினால் தீர்ந்திருக்கும். ஆனால் பயந்த மனுஷனுக்கு அடுத்த வீட்டுக் கதவுதான் ரொம்ப தூரம். அதைவிட அரசாங்கம் பக்கமாகத் தெரிந்தது. பேருந்து நிறுத்தத்தில் விளம்பரம் பார்த்திருந்தார்: அந்தரங்கக் காப்பு வாரியம். உங்கள் ரகசியம் எங்கள் உயிர்மூச்சு. கீழே ஒரு அதிகாரி கண்ணைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

வாரியத்தின் கூடத்தில் நல்ல கூட்டம். ஒவ்வொருவர் புகாரையும் வாசலில் ஒரு பெண் கேட்டுக் குறித்துக்கொண்டு உட்காரச் சொன்னாள். அந்தரங்கத்தைக் காப்பாற்றும் இடமல்லவா, யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் அங்கே இல்லை. அதனால் ஒலிபெருக்கியில் புகாரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"மொட்டைமாடிக் குளியல், இரண்டாம் கவுண்டர்."

ஒரு பெரியவர் தலையைக் குனிந்துகொண்டு எழுந்து போனார். கூடமே அவரைப் பார்த்தது.

"மருமகள் தொலைபேசியை ஒட்டுக்கேட்ட மாமியார், நாலாம் கவுண்டர். மருமகளும் வந்திருந்தால் அதே கவுண்டர்."

குஷன்காரருக்கு எழுந்து ஓடிவிடலாம் என்று இருந்தது. காலும் எழுந்துவிட்டது. அதற்குள், "பின்முற்றம், ஏதோ மறைக்கிறார், ஒன்றாம் கவுண்டர்," என்று கூப்பிட்டார்கள். எழுந்து நின்றவர் அவர் ஒருவர்தான் என்பதால் தப்பிக்க வழியில்லாமல் போயிற்று.

ஒவ்வொரு கவுண்டருக்கும் கனமான திரை போட்டிருந்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் அதிகாரியம்மா, இந்தப் பக்கம் புகார்தாரர்.

"உங்க அந்தரங்கம் என்ன?" என்றார் அம்மா.

குஷன்காரர் தணிந்த குரலில் ஏதோ சொன்னார்.

"திரை இருக்கறதால கேக்காதுங்க. சத்தமா சொல்லுங்க."

"பக்கத்து வீட்டுக் கேமரா எங்க முற்றத்தைப் பாக்குது," என்று கத்தினார் குஷன்காரர்.

"முற்றம் அந்தரங்கம் இல்லையே. முற்றத்துல என்ன இருக்கு?"

"துணி காயுது."

"துணியும் வராது. உள்ளாடைன்னா வரும். உள்ளாடை காயுதா?"

கூடத்தில் பின்வரிசைக்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். குஷன்காரர், காயுது என்றார். காது சிவந்தது.

"யாரோடதுன்னு கேக்கமாட்டோம்," என்றார் அம்மா பெருந்தன்மையாக. "அது உங்க அந்தரங்கம். விசாரணையில கேப்பாங்க. இன்னையிலேர்ந்து உங்க முற்றம் எங்க பாதுகாப்புல இருக்கு. நிம்மதியா வீட்டுக்குப் போங்க."

நிம்மதியாகத்தான் போனார் பாவம். வீட்டுக்கு வந்து, "அப்பாடா, ஒரு பெரிய இடத்துல சொல்லியாச்சு," என்றார். தங்கச்சி மட்டும் தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "பெரிய இடம்னா எத்தனை பேருண்ணே?" என்று கேட்டாள்.

மறுநாள் காலை வாரியத்தின் ஜீப், மேலே சுழலும் விளக்கோடு வந்து நின்றது. ஆய்வாளர் இறங்கினார். கண்ணைக் கூசவைக்கும் மஞ்சளில் ஒரு பலகையைக் குஷன்காரர் வீட்டு வாசலில் நட்டார். தூரத்தில் வருகிறவர்களுக்கும் தெரிகிற எழுத்து:

எச்சரிக்கை. இந்த வீட்டில் அந்தரங்கம் உள்ளது. யாரும் பார்க்க வேண்டாம்.

அதுவரை அந்த வீட்டை யாரும் பார்த்ததில்லை. சோபா கிழிந்தால் மட்டும்தான் அந்த வாசல் ஊருக்கு ஞாபகம் வரும். இப்போது சைக்கிளில் போனவர் காலை ஊன்றிக்கொண்டு பார்த்தார். பள்ளிப் பேருந்து வேகம் குறைத்தது. எதிர்வீட்டு மாமி ஜன்னலோரமாக நாற்காலியைப் போட்டுக்கொண்டார். "பாக்க வேண்டாம்னு போட்டிருக்கே, அப்படி என்னதான் இருக்குன்னு பாக்கறேன்," என்றார் கேட்டவர்களிடம்.

மருந்துக்கடைக்காரர் சத்தம் கேட்டு வெளியே வந்தார். விஷயம் தெரிந்ததும் முகம் வாடிவிட்டது.

"என்னண்ணே இது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா திருப்பி வச்சிருப்பேனே. பூனைக்காக வச்சது. இருங்க, இப்பவே திருப்பிடறேன்."

ஏணியைச் சாய்த்து இரண்டு படி ஏறிவிட்டார். ஆய்வாளர் பாய்ந்து வந்து அவர் வேட்டியைப் பிடித்தார்.

"இறங்குங்க. கேமரா இப்போ சாட்சிப் பொருள். அதோட கோணத்தை மாத்தறது தடயத்தை அழிக்கற குற்றம். விசாரணை முடியறவரைக்கும் அது எங்க பாத்துச்சோ அங்கயேதான் பாக்கணும்."

"அது அவர் வீட்டைப் பாக்குதுன்னுதானே புகாரு?"

"அதனாலதான். பாக்கறதை நிறுத்திட்டா புகார் பொய்யாயிடும். பொய்ப் புகாருக்கு இவருக்குத் தண்டனை உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் ஜெயிலுக்குப் போறதைப் பாக்க உங்களுக்கு ஆசையா?"

மருந்துக்கடைக்காரர் இறங்கிவிட்டார். ஆய்வாளர் கேமராவின் கழுத்தில் அரக்கு வைத்து முத்திரை குத்தினார். இரவில் சரியாகத் தெரியாது என்று வாரியத்தின் செலவில் முற்றத்துக்கு ஒரு பெரிய விளக்கும் போட்டுக் கொடுத்தார். முற்றத்தில் எதையும் போட்டு மறைக்கக் கூடாது, கொடியில் போர்வை கட்டக் கூடாது, வழக்கம்போல் நடமாட வேண்டும் என்று உத்தரவு. வழக்கம்போல் நடமாடாவிட்டால் அந்தரங்கம் பாதிக்கப்பட்டதற்கு ஆதாரம் கிடைக்காதாம்.

அன்று முதல் தங்கச்சி பின்னறையை விட்டு வெளியே வரவில்லை. குளிக்கப் போவதற்குக்கூடப் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு சுவரை ஒட்டியே நடந்தாள். வெயில் படாமல் முகம் வெளுத்துப்போயிற்று. குஷன்காரருக்கு அவளை ஏறிட்டுப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

"நான் எதுக்குப் போனேன், எதுக்குப் போனேன்," என்று சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துச் சொல்லிக்கொள்வார். தங்கச்சிதான், "விடுண்ணே, நல்லதுக்குத்தானே பண்ணினே," என்பாள். அதைக் கேட்டால் இன்னும் மோசமாக இருக்கும்.

விசாரணை நாள் வந்தது. வாரியத்தின் விசாரணைகள் எப்போதும் பகிரங்கமாகத்தான் நடக்கும். ஒளிவுமறைவுக்கு அங்கே இடமில்லை என்று சுவரிலேயே எழுதி வைத்திருந்தார்கள். கூடம் நிறைந்துவிட்டது. எதிர்வீட்டு மாமி சீக்கிரமே வந்து நல்ல இடம் பிடித்திருந்தார். மேடையில் தலைவர். தலை நரைத்த, கனிவான முகம். அவர் பின்னால் சுவர் அகலத்துக்கு வெள்ளைத்திரை.

"காட்சியைப் போடுங்க," என்றார் தலைவர். "ஆனா ஜாக்கிரதை. சம்பந்தப்பட்டவங்க முகத்தை மறைச்சாச்சா?"

மறைத்திருந்தார்கள். வாரியத்தில் அதற்கென்றே ஒரு பிரிவு இருந்தது. பூனையின் முகம் முழுக்கக் கட்டம் கட்டமாக மங்கலாக்கப்பட்டிருந்தது. முத்திரை குத்த வந்த ஆய்வாளரின் முகமும் மங்கல். ரோஜாத் தொட்டிகள்கூட மங்கல், அவை எதிர்த்தரப்பின் சொத்து என்பதால்.

கேமரா வந்த புதிதில் பதிவான காட்சி ஓடியது. தங்கச்சி முற்றத்துக்கு வந்தாள். குழாயடியில் முகம் கழுவினாள். நிமிர்ந்தாள். துண்டால் துடைத்துக்கொண்டே, மதில்மேல் என்ன அது புதிதாக என்று நேராகக் கேமராவைப் பார்த்தாள். சுவர் அகலத்துக்கு அவள் முகம். நெற்றியோரத் தழும்பு உட்படத் தெரிந்தது.

குஷன்காரர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தப் பெண் முகத்தை ஏன் மறைக்கலை?" என்று கேட்டார் தலைவர்.

"இவங்க யாருன்னு தெரியலைங்கய்யா," என்றார் பிரிவு அதிகாரி. "சம்பந்தப்பட்டவங்க முகத்தைத்தான் மறைக்கணும். சம்பந்தப்பட்டவங்களான்னு தெரிஞ்சுக்க முகம் தெரியணும்."

"சரியாச் சொன்னீங்க. நிறுத்தி வைங்க, எல்லாரும் பாக்கட்டும்." தலைவர் குஷன்காரர் பக்கம் திரும்பினார். "ஐயா, யார் இவங்க?"

குஷன்காரர் எழுந்தார். "வேலைக்கு... தைக்க... எப்பவாவது வரும்," என்றார். இரண்டு காதும் தக்காளியாகிவிட்டன. மேடையில் இருந்தவர்களுக்குக்கூட அது தெரிந்தது.

தலைவர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். அப்புறம் சபையைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். பேசுவது அவருக்குப் பிடிக்கும்.

"நண்பர்களே, பாருங்கள். தன் வீட்டுக்குப் பிழைக்க வந்த ஒரு ஏழைப் பெண்ணின் மானத்தைக் காக்க இந்த மனிதர் நம்மிடம் வந்திருக்கிறார். தான் படம் பிடிக்கப்பட்டது இந்தப் பெண்ணுக்குத் தெரியுமா? தெரியாது. அவருடைய குடும்பத்துக்குத் தெரியுமா? தெரியாது. ஒரு பெண் எங்கே இருக்கிறாள், என்ன செய்கிறாள் என்று அவளுடைய குடும்பத்துக்குத் தெரியாமல் இருப்பதைவிடப் பெரிய அந்தரங்க மீறல் உண்டா? என் பணிக்காலத்தில் எத்தனையோ பேருடைய ரகசியங்களைக் காப்பாற்றியிருக்கிறேன். அவை எல்லாமே எனக்குத் தெரியும். என் மனைவிக்கும் தெரியும். சாப்பிடும்போது சொல்வேன். ஒன்றுகூட வெளியே போனதில்லை. இந்தப் பெண்ணையும் நாம் கைவிட மாட்டோம். இவருடைய நெருங்கிய உறவினரைக் கண்டுபிடித்துத் தகவல் சொல்லும்வரை வாரியம் தூங்காது."

கூடம் கைதட்டியது. "வேண்டாங்கய்யா, புகாரை வாபஸ் வாங்கிக்கறேன்," என்று குஷன்காரர் சொன்னது அந்தக் கைதட்டலில் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பிரயோஜனமில்லை. அந்தரங்கம் ஒருமுறை வாரியத்தின் பொறுப்புக்கு வந்துவிட்டால் சொந்தக்காரருக்கு அதில் உரிமை கிடையாது என்று பக்கத்தில் இருந்தவர் விளக்கினார். அவர் மொட்டைமாடிக் குளியல்காரர். அனுபவஸ்தர்.

இரண்டு நாளில் ஊர் முழுக்கச் சுவரொட்டி. பேருந்து நிறுத்தம், அஞ்சலகம், ரயில் நிலையம், பத்திரிகையின் கடைசிப் பக்கம். நடுவில் தங்கச்சியின் முகம், பெரிதாக, வண்ணத்தில். கீழே:

படத்தில் உள்ள பெண்ணின் அந்தரங்கம் பாதுகாப்பில் உள்ளது. இந்தப் பெண்ணை யாரும் பார்க்கக் கூடாது. பார்த்தவர்கள் உடனே வாரியத்துக்குத் தகவல் தரவும்.

குஷன்காரர் ஒரு சுவரொட்டியைக் கிழிக்கப் போனார். "பாதுகாப்பு அறிவிப்புங்க, கைவைக்காதீங்க," என்று போக்குவரத்துக் காவலர் விசிலடித்தார். வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அன்றைக்கு ஒரு ஆணிகூட நேராக இறங்கவில்லை.

தொலைபேசி மறுநாள் காலையே வந்தது. ஒன்றாம் கவுண்டர் அம்மா. குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"நல்ல சேதிங்க. அந்தப் பொண்ணோட வீட்டுக்காரரு எங்களைத் தேடி வந்துட்டாரு. எவ்வளவு மரியாதையான மனுஷன் தெரியுமா? போஸ்டரைப் பாத்து அழுதுட்டாரு. உங்க தங்கச்சியாமே, நீங்க சொல்லவே இல்லையே. உங்க முகவரியைக் கேட்டாருங்க, நாங்க குடுக்கலை. புகார்தாரர் முகவரி ரகசியம். அதனால ஜீப்புல நாங்களே கூட்டிட்டு வர்றோம். கிளம்பியாச்சு."

மாப்பிள்ளைக்கு மச்சான் வீடு தெரியாதா என்ன? தனியாகவே வந்திருக்கலாம். தனியாக வந்தால் அண்ணி கதவைச் சாத்தலாம், தெரு கூடலாம். சுழலும் விளக்கு ஜீப்பில் ஆய்வாளரோடு வந்தால் யார் கதவைச் சாத்த முடியும்? அது அவனுக்குத் தெரியும். எப்போதுமே யோசித்துச் செய்கிற ஆள்.

குஷன்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பட்டறையின் நடுவில் நின்றுகொண்டு ஒரு முழு நீள ரெக்சினைத் துண்டு துண்டாக மடித்துக்கொண்டிருந்தார். தங்கச்சிதான் முதலில் அசைந்தாள்.

"அண்ணே, அந்த ஆஸ்பத்திரி சோபாவை எடுக்க வேன் எப்ப வரும்?"

"இப்ப வர்ற நேரம்தான்."

"அடிப்பெட்டி காலியாத்தானே இருக்கு?"

பல் ஆஸ்பத்திரி வரவேற்பறைக்கான மூன்று பேர் சோபா. பழைய காலத்துச் சாமான். இருக்கைக்குக் கீழே ஆள் படுக்கிற அளவுக்குப் பெட்டி. குஷன்காரர் புரிந்துகொள்வதற்குள் அண்ணி சோபாவின் ஒரு முனையைப் பிடித்து, கேமரா பார்க்காத பின்னறைக்குள் இழுக்க ஆரம்பித்துவிட்டாள்.

தங்கச்சி ஒரு துணிப்பையில் கத்தரிக்கோல், டேப், இரண்டு சேலை எடுத்துக்கொண்டாள்.

"எங்கம்மா போவே?" என்றார் அண்ணன்.

"தைக்கத் தெரிஞ்சவளுக்கு எங்கயாவது ஒரு மிஷின் கிடைக்கும். இடத்தை உன்கிட்ட சொல்ல மாட்டேண்ணே. கோவிச்சுக்காதே. உன்கிட்ட யாராவது கேட்டா உன் காதே சொல்லிடும்."

"போன் மட்டுமாவது பண்ணு."

"பண்ணா எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேப்பாங்க. பண்ண மாட்டேன்."

சொல்லிவிட்டு அவர் கையைப் பிடித்தாள். வீங்கி ஆறிய அந்த மணிக்கட்டு இன்னும் கொஞ்சம் கோணலாகத்தான் இருந்தது. பெட்டிக்குள் முழங்காலை மடித்துப் படுத்துக்கொண்டாள். அவர் மேலே ஃபோமை வைத்து, அடியில் காற்று வர ரெக்சினை ஓரமாகக் கீறிவிட்டு, ஆணி அடிக்காமல் இருக்கையைப் பொருத்தினார். அழுதுகொண்டே செய்தார். வேலை மட்டும் சுத்தமாக இருந்தது.

சோபாவை இருவருமாக முற்றத்துக்கு இழுத்து வைக்கவும் ஜீப் வரவும் சரியாக இருந்தது. வேன் இன்னும் வரவில்லை.

ஆய்வாளர் முன்னால் வந்தார். பின்னால் மாப்பிள்ளை, சலவைச் சட்டை, கையில் பழப்பை. "நல்லா இருக்கீங்களா மச்சான்? இளைச்சிட்டீங்களே," என்றான். குஷன்காரர் அவசரமாக நாலு ஆணியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

மாப்பிள்ளை சுற்றிலும் பார்த்தான். காலாற நடந்தான். பிறகு, வேறு இடமே இல்லாததுபோல் அந்த சோபாவின்மேல் போய் உட்கார்ந்தான். கால்மேல் கால் போட்டுக்கொண்டான். இருக்கையைத் தட்டிப் பார்த்தான்.

"நல்ல கெட்டியான வேலை மச்சான். உங்க கை வேலைன்னா வேலைதான்."

அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டாள். குஷன்காரரின் வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. ஆணி ஒன்று உள்கன்னத்தில் ஏறியிருந்தது. அவர் துப்பவில்லை.

ஆய்வாளர் மதிலையும் சோபாவையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகம் இறுகியது.

"இது என்னங்க அநியாயம்? கேமராவுக்கு நேரா சோபாவைப் போட்டு மறைச்சிருக்கீங்க. முற்றத்துல எதையும் வச்சு மறைக்கக் கூடாதுன்னு உத்தரவு இருக்கா இல்லையா? முதல்ல இதை இங்கேர்ந்து அப்புறப்படுத்துங்க. அப்புறம்தான் மத்த வேலை."

அந்த நேரம் பார்த்து வேன் வந்து ஹாரன் அடித்தது. வேன்காரரும் குஷன்காரரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்தார்கள். தூக்க முடியவில்லை. பயத்தில் குஷன்காரரின் கையில் பலமே இல்லை. சோபா ஒரு பக்கம் சாய்ந்தது. உள்ளே ஏதோ லேசாக நகர்ந்தது.

"விடுங்க மச்சான், உங்களால முடியாது," என்றான் மாப்பிள்ளை. பழப்பையைக் கீழே வைத்தான். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு குனிந்தான். "கனமா இருக்கே. தேக்கா?"

குஷன்காரர் ஆமாம் என்று தலையாட்டினார்.

பெண்டாட்டியைக் கையில் ஏந்தி அவன் வீட்டோரச் சந்து வழியாக நடந்தான். வாழ்நாளில் முதல் தடவையாக, எங்கும் இடித்துவிடாமல், ஜாக்கிரதையாக. "மெதுவா, மெதுவா, முனை பட்டுடப் போகுது," என்று வேன்காரருக்குச் சொல்லிக்கொண்டே போனான். ஆய்வாளர் கேட்டைத் திறந்து பிடித்தார். எதிர்வீட்டு மாமி ஜன்னலில் இருந்து பார்த்தார். வேனின் கதவு சாத்தப்பட்டது. வண்டி தெருமுனை திரும்பும்வரை குஷன்காரர் கேட்டருகிலேயே நின்றார்.

பிறகு வீட்டைத் தேடினார்கள். பின்னறை, பட்டறை, ஃபோம் அடுக்கு, கட்டிலடி. மாப்பிள்ளை தையல் இயந்திரத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றான். ஊசியில் நூல் கோர்த்தபடி இருந்தது. ஆய்வாளர் அப்பால் போனதும் குஷன்காரரின் அருகில் வந்து, தோளில் கையைப் போட்டான்.

"எங்க மச்சான் அவ?" ரொம்ப மெதுவாகக் கேட்டான்.

குஷன்காரர் ஆணிகளை உள்ளங்கையில் துப்பினார். சிவப்பாக இருந்தன.

"தெரியாது," என்றார்.

மாப்பிள்ளை அவர் காதையே பார்த்துக்கொண்டிருந்தான். காது சிவக்கவில்லை. நிஜமாகவே அவருக்குத் தெரியாது. தோளில் இருந்த கை ஒருமுறை அழுத்திவிட்டு விலகியது.

பல் ஆஸ்பத்திரியில் சோபாவை இறக்கியபோது பெட்டி காலியாக இருந்ததாம். வழியில் எங்கேயோ வேனின் பின்கதவு திறந்திருந்ததை வேன்காரர் அப்புறம்தான் கவனித்தாராம். எங்கே என்று அவருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாது.

இதை வாரியம் எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்கிறீர்களா? அந்த வருஷம் வாரியத்தின் ஆண்டு விழாவில் குஷன்காரரை மேடைக்கு அழைத்து ஒரு கேடயம் கொடுத்தார்கள். கேமராவைத் திருப்பிக்கொள்ளவும் அன்றுதான் அனுமதி வந்தது. தலைவர் கனிவோடு பேசினார்.

"எத்தனையோ வழக்குகளைப் பார்த்திருக்கிறோம். ஆனால் இதுபோல் ஒரு முழு வெற்றி வாரியத்தின் வரலாற்றில் இல்லை. ஒரு பெண்ணின் அந்தரங்கத்தைக் காப்பாற்றப் புறப்பட்டோம். இன்று அவர் எங்கே இருக்கிறார் என்று பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாது. கணவருக்குத் தெரியாது. நமக்கே தெரியாது. ஏன், புகார் கொடுத்த சொந்த அண்ணனுக்கே தெரியாது. பாதுகாப்பு என்றால் இதுதான். அண்ணன் இரண்டு வார்த்தை பேச வேண்டும்."

கையில் ஒலிவாங்கியைக் கொடுத்தார்கள். குஷன்காரருக்குப் பேச வராதுதான். ஆனால் அன்றைக்குப் பேச ஒன்று இருந்தது. மாதக்கணக்கில் நெஞ்சுக்குள் வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தது. அவள் சாப்பிட்டாளா, இடம் கிடைத்ததா, உயிரோடுதான் இருக்கிறாளா. இவ்வளவு பெரிய கூட்டத்தில் யாராவது ஒருவர் எங்காவது பார்த்திருக்க மாட்டார்களா?

"என் தங்கச்சியை யாராவது..." என்று ஆரம்பித்தார்.

முதல் வரிசையில், நெருங்கிய உறவினருக்கான இருக்கையில், மாப்பிள்ளை கைதட்டுவதை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் முன்னால் சாய்ந்தான். தலையை ஒருபக்கமாகச் சாய்த்துக் காதைக் கொடுத்தான்.

குஷன்காரர் அவனைப் பார்த்தார். ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எல்லாருக்கும் நன்றி," என்று சொல்லிவிட்டுக் கேடயத்தோடு படி இறங்கினார்.